நிற்கும் காலின் இடுப்பு

ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி என்று சொன்னதும் கேட்பவர் கவனமெல்லாம் தூக்கிய காலுக்குத்தான் போகிறது. எவ்வளவு உயரம் தூக்க முடிகிறது, எத்தனை விநாடி நிற்க முடிகிறது என்ற இரண்டு கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு இந்தப் பயிற்சியைக் கற்றுக்கொடுத்த இயன்முறை மருத்துவர் இவ்விரண்டையும் முதல் நாளே ஒதுக்கி வைத்தார். தூக்கிய கால் தரையிலிருந்து ஓர் அங்குலம் எழுந்தால் போதும், ஊன்றிய காலுக்கு மேலுள்ள இடுப்பு மட்டமாக நிற்கிறதா என்று பார்த்துப் பழகுவதுதான் பயிற்சி என்றார். கீழ்முதுகு வலியோடு நாளை ஓட்டுகிறவர்கள், அதிலும் நின்றபடியே வேலை செய்கிறவர்கள், இதைச் சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில், எனக்குச் சொல்லித்தரப்பட்டதையும் அதன் காரணங்களையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் கடலூரில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். நாளின் பெரும்பகுதி கரும்பலகைக்கு முன்னால் நின்றே கழிகிறது. கீழ்முதுகில், பாவாடை நாடா கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மதியத்துக்கு மேல் ஒரு வலி எழுந்து, வீடு திரும்பிப் படுக்கும் வரை விடாமல் இருந்துகொண்டிருந்தது. புதுச்சேரிப் பேருந்தில் இடம் கிடைக்காமல் ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் என்று நின்றபடியே போக நேர்ந்தால் அது இரட்டிப்பாகும். எலும்பு மருத்துவர் பரிசோதித்து, நரம்பு அழுத்தப்படுவதற்கான அறிகுறி எதுவும் இல்லை என்று உறுதிசெய்த பிறகு, புதுச்சேரியில் ஓர் இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினார். அவர் வில்லியனூர்ப் பக்கத்துப் பெண், என்னிடம் படித்து முடித்துப் போன மாணவிகளின் வயதுதான் இருக்கும். நான் அவரை "அம்மா" என்று கூப்பிடுகிறேன், அவருக்கு நான் "டீச்சர்".

அவர் என்னைப் படுக்க வைத்துப் பார்ப்பதற்கு முன் நிற்க வைத்துப் பார்த்தார். "கிளாஸ்ல எப்படி நிப்பீங்களோ அப்படியே கொஞ்ச நேரம் நில்லுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, வேறு ஏதோ எழுதுவதுபோல் இருந்தார். சிறிது நேரத்தில் என் எடை முழுவதும் இடது காலுக்குப் போய்விட்டது. இடது இடுப்பு வெளியே பிதுங்கி, வலது முழங்கால் தளர்ந்து, வலது பக்க இடுப்பு இறங்கியிருந்தது. "இது நிக்கிறது இல்ல டீச்சர், இடுப்பு மேல தொங்குறது" என்றார். இப்படித் தொங்கும்போது உடலின் எடையைத் தசைகள் சுமப்பதில்லை. தொடையின் வெளிப்புறமாக முழங்கால் வரை ஓடும் தடித்த பட்டையும் மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களும் இறுக்கமாக இழுபட்டு அதைத் தாங்குகின்றன, தசை ஓய்வெடுக்கிறது. அந்த நேரத்துக்கு வசதியாகத்தான் இருக்கும், அதனால்தான் உடல் அந்த நிலையைத் தேடிப் போகிறது.

நம் ஊர்ப் பெண்களுக்கு இந்தப் பழக்கம் சிறு வயதிலேயே தொடங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இடது இடுப்பை வெளியே தள்ளி அதன்மேல் குடத்தை ஏற்றுகிறோம், பிறகு அதே இடத்தில் தம்பியையோ தங்கையையோ, பின்னர் சொந்தப் பிள்ளையையோ உட்கார வைக்கிறோம். வலது கை வேலைக்கு வேண்டுமென்பதால் சுமை பெரும்பாலும் இடப்பக்கமே ஏறுகிறது. கடலூர்ப் பேருந்து நிலையத்தில் பிள்ளையை இடுக்கிக்கொண்டு நிற்கிற எந்தத் தாயைப் பார்த்தாலும் இந்த நிலையைக் காணலாம். பிள்ளை இறங்கி நடந்து பள்ளிக்குப் போகத் தொடங்கி, குடத்தின் இடத்தில் குழாய் வந்த பிறகும், இடுப்பு அதே பக்கம்தான் சாய்ந்து நிற்கிறது.

அடுத்து அவர் செய்ததை மறக்க முடியாது. மேசை இழுப்பறையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்றை எடுத்தார். என் இடுப்பின் முன்பக்கம் இருபுறமும் விரலால் தடவி, எலும்பு முனை துருத்திக்கொண்டிருக்கும் இடங்களைக் கண்டுபிடித்து, சுடிதாரின் மேலேயே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிவப்புப் பொட்டுகளை ஒட்டினார். ஆளுயரக் கண்ணாடிக்கு முன் நிறுத்தி, வலது காலை லேசாகத் தூக்கச் சொன்னார். நான் தள்ளாடவில்லை, சுவரைப் பிடிக்கவும் இல்லை. ஆனால் கண்ணாடியில் வலப்பக்கப் பொட்டு இறங்கிப் போனது. இரண்டு பொட்டுகளுக்கும் இடையே மனத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தால் அது சரிந்து கிடந்தது. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதெல்லாம் அந்தக் கோட்டை மட்டமாக வைத்திருப்பதற்காகத்தான்.

அந்தக் கோட்டை மட்டமாகப் பிடித்திருக்கும் முக்கியமான தசைக்கு குளூட்டியஸ் மீடியஸ் என்று பெயர். இடுப்பெலும்பின் வெளிப்புறத்தில் விசிறிபோல் விரிந்து தொடங்கி, தொடை எலும்பின் மேல்முனையில் பக்கவாட்டில் புடைத்திருக்கும் மேட்டில் வந்து ஒட்டுகிறது. அதற்கு அடியில் குளூட்டியஸ் மினிமஸ் என்ற சிறிய துணைத் தசையும் உண்டு. காலைப் பக்கவாட்டில் விரிப்பது இவற்றின் வேலை என்று உடற்கூறு நூல்களில் எழுதியிருக்கும். அன்றாட வாழ்க்கையில் காலை அப்படி விரிக்கும் தேவை எத்தனை முறை வருகிறது? கால் தரையில் ஊன்றியிருக்கும்போது, மறுபக்க இடுப்பு கீழே சரியாமல் இழுத்துப் பிடிப்பதே இவற்றின் ஓயாத வேலை. நடப்பதைக் கவனித்தால் இது விளங்கும். சாதாரண நடையில் ஒரு முழுச் சுற்றில் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 40 விழுக்காடு நேரம் தனியாக உடலைத் தாங்குகிறது. இரு கால்களையும் சேர்த்தால், நடக்கும் நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு நாம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். ஆகவே இது யோகிகளுக்கான வித்தை அல்ல, மஞ்சக்குப்பத்தில் கடைக்குப் போய் வருகிறவருக்கும் வேண்டிய அடிப்படைத் திறமை.

அந்தத் தசை எவ்வளவு இழுக்க வேண்டியிருக்கிறது என்ற கணக்கு என்னை வியக்க வைத்தது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு காலின் எடை உடல் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, எனவே ஊன்றிய காலின் இடுப்பு மூட்டுக்கு மேல் இருப்பது 50 கிலோ. இடுப்பு மூட்டுதான் நடுத்தாங்கி, அதன் ஒருபுறம் உடலின் எடை, மறுபுறம் தசையின் இழுப்பு. ஏற்றமரத்தில் நீண்ட முனையில் பாரமும் குட்டையான முனையில் இழுக்கும் ஆளும் இருப்பது போன்ற அமைப்பு இது. மூட்டிலிருந்து உடல் எடை விழும் கோட்டின் தூரம், தசை இழுக்கும் கோட்டின் தூரத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இருப்பதால், 50 கிலோவைச் சமன்படுத்தத் தசை 100 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். மூட்டின் மேல் இரண்டும் சேர்ந்து இறங்குகின்றன, அதாவது 150 கிலோ. சும்மா ஒற்றைக் காலில் நிற்கும்போதே மூட்டு சுமப்பது உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு என்றால், அந்தச் சுமையை ஒழுங்குபடுத்தும் தசையை வேலையில்லாமல் வைத்திருப்பது நியாயமில்லை.

இதே கணக்கிலிருந்து வேறொரு செய்தியும் கிடைக்கிறது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை நேரத்தில் கைத்தடியோடு நடக்கும் பெரியவர்களில் சிலர், வலிக்கும் இடுப்பு எந்தப் பக்கமோ அதே பக்கக் கையில் தடியைப் பிடித்திருக்கிறார்கள். தடி எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். வலது இடுப்பு வலித்தால் இடது கையில் தடி. மூட்டிலிருந்து தூரமான பக்கத்தில் தாங்கல் கிடைக்கும்போதுதான் வலது இடுப்புத் தசையின் இழுப்பும், அதனால் மூட்டின் சுமையும் வெகுவாகக் குறையும். வீட்டில் தடி ஊன்றும் பெரியவர் இருந்தால் இன்றே இதைப் பாருங்கள்.

ஒற்றைக் காலில் நிற்கும்போது மறுபக்க இடுப்பு இறங்குவதை மருத்துவர்கள் டிரெண்டலன்பர்க் அறிகுறி என்கிறார்கள். ஃபிரீட்ரிக் டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1895ஆம் ஆண்டில் இதை விளக்கினார். இடுப்பு மூட்டு பிறவியிலேயே விலகியிருந்த குழந்தைகள் வாத்துபோல் அசைந்து நடப்பதற்கு, தொடை எலும்பின் தலை மேலும் கீழும் நழுவுவதே காரணம் என்று அதற்குமுன் கருதப்பட்டது. அவர் அக்குழந்தைகளை ஒற்றைக் காலில் நிற்க வைத்துப் பார்த்து, இடுப்பை மட்டமாகப் பிடிக்கத் தசையால் முடியாததே காரணம் என்று காட்டினார். எனக்கு இருந்தது அத்தகைய நோய்நிலை அல்ல, சோம்பிக் கிடந்த ஒரு தசையின் மெல்லிய சரிவுதான். ஆனால் பார்க்கும் முறை ஒன்றே.

முதுகுக்கு இதில் என்ன தொடர்பு என்று நானும் கேட்டேன். கீழ்முதுகின் ஐந்து முள்ளெலும்புகளும் இடுப்பெலும்புக் கூட்டின்மேல்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. அடித்தளம் ஒரு பக்கம் சரிந்தால், தலையை நேராக வைக்க முதுகெலும்பு எதிர்ப்பக்கம் வளைந்தாக வேண்டும். ஒரு முறை வளைந்தால் ஒன்றுமில்லை. வலது அடி, இடது அடி என்று நாள் முழுவதும் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் அந்த வளைவு நிகழ்ந்து, இடுப்புத் தசை செய்யாத வேலையை முதுகின் பக்கத் தசைகள் ஏற்றுக்கொண்டால், மாலையில் வலிப்பது முதுகாகத்தான் இருக்கும். கீழ்முதுகு வலி உள்ளவர்களில் பலருக்கு இந்தத் தசை பலவீனமாகவும் தொட்டால் வலிப்பதாகவும் இருக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதுகு வலிக்கு இதுவே ஒரே காரணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், தூக்கம், மனச்சுமை, உட்காரும் முறை எனப் பல காரணங்கள் உண்டு. எனினும் நம் கையால் திருத்திக்கொள்ளக்கூடிய காரணங்களில் இது ஒன்று.

இனி பயிற்சிக்கு வருகிறேன். வெறுங்காலில்தான் தொடங்க வேண்டும். எடை குதிகால், பெருவிரலின் அடிப்பகுதி, சுண்டுவிரலின் அடிப்பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் பரவியிருக்க வேண்டும், விரல்கள் தரையைக் கவ்வக் கூடாது. முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிவிடாமல், வெளியில் தெரியாத அளவுக்கு இளக்கமாக விட வேண்டும். இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைத்துக்கொண்டு, முதலில் எடையை மட்டும் ஒரு காலுக்கு மாற்ற வேண்டும். மற்ற கால் இன்னும் தரையில்தான் இருக்கும். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள் என்று அவர் சொன்னார். எடை மாறும்போது இடுப்பு வெளிப்பக்கமாக வழுக்கிப் போகாமல், ஊன்றிய காலின் குதிகாலுக்கு நேர்மேலே வந்து நின்ற பிறகே மற்ற காலைத் தரையிலிருந்து எடுக்க வேண்டும். எடுக்கும்போது கைக்கடியில் இருக்கும் இரண்டு எலும்பு விளிம்புகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று தடவியே தெரிந்துகொள்ளலாம். மூச்சைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. நான் பாடம் நடத்தும் குரலில் ஒன்றிலிருந்து பத்துவரை சத்தமாக எண்ண வேண்டும் என்பது அவர் எனக்கிட்ட விதி. வாய்விட்டு எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாதல்லவா?

பத்து விநாடிக்குள் கோடு சரிந்துவிட்டால், அந்த இடத்திலேயே காலை இறக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். சரிந்த நிலையில் ஒரு நிமிடம் நிற்பதைவிட மட்டமாக நான்கு விநாடி நிற்பது மேல். நான் இதில் உறுதியான கருத்துடையவளாகிவிட்டேன். கைபேசியில் வரும் சவால் காணொளிகளில் மக்கள் விநாடி எண்ணியபடி, இடுப்பு ஒருபுறம் பிதுங்க, உடல் மறுபுறம் வளைய, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரியில் பன்னாட்டு யோகா விழா நடக்கும் புதுச்சேரியிலும்கூட, விருட்சாசனம் சொல்லித்தருகிறவர்கள் தூக்கிய பாதத்தைத் தொடையில் எவ்வளவு மேலே வைக்க வேண்டும் என்று திருத்துகிற அளவுக்கு, நிற்கும் காலின் இடுப்பைத் திருத்துவதில்லை என்பது என் எண்ணம். பாதம் கணுக்காலருகே இருந்தாலும் இடுப்பு மட்டமாக இருந்தால் அது நல்ல விருட்சாசனம்தான்.

பறவைகளை வைத்து அவர் ஒரு செய்தி சொன்னார், பிறகு நானும் தேடிப் படித்தேன். பூநாரைகள் ஒற்றைக் காலில் உறங்குவதை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள் யங்-ஹுய் சாங், லீனா டிங் ஆகிய இருவரும் 2017இல் வெளியிட்ட முடிவின்படி, அந்தப் பறவையின் கால் தசையின் உழைப்பே இல்லாமல் ஒற்றைக் காலில் நிலையாக நிற்கக்கூடிய அமைப்புடையது. இறந்த பறவையின் உடலைக்கூட ஒரு காலில் நிறுத்த முடிந்திருக்கிறது, இரு கால்களில் முடியவில்லை. கோடியக்கரையில் பூநாரைகளைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பூட்டும். மனித இடுப்புக்கு அந்த வசதி இல்லை. நாம் தசையைத் தளர்த்திவிட்டு நின்றால், முன்னே சொன்ன அந்தத் தொங்கலில்தான் போய் முடியும்.

தரையில் நிற்பது ஓரளவு கைவந்த பிறகு அவர் சொல்லிக்கொடுத்ததுதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. ஹிப் ஹைக் என்று அவர்கள் வட்டாரத்தில் சொல்கிறார்கள். எங்கள் வீட்டு வாசற்படியே அதற்குப் போதுமானதாக இருக்கிறது. ஒரு செங்கலின் உயரமுள்ள படியின் ஓரத்தில் பக்கவாட்டாக நின்று, இடது பாதத்தை முழுவதும் படியின்மேல் ஊன்றி, வலது காலை வெளியே அந்தரத்தில் தொங்கவிட வேண்டும். ஒரு கை கதவு நிலையைத் தொட்டிருக்கும். இரண்டு முழங்கால்களும் மடங்காமல் இருக்க, வலப்பக்க இடுப்பை மெல்ல இறங்கவிட வேண்டும். வலது பாதம் தரையை நோக்கித் தாழும். பிறகு இடது இடுப்பின் பக்கத் தசையை இறுக்கி, வலப்பக்கத்தை மட்டத்துக்குக் கொண்டுவந்து, மட்டத்துக்கும் ஒரு விரற்கடை மேலே உயர்த்தி, சற்று நிறுத்த வேண்டும். இறக்குவதற்கு மூன்று எண்ணும் நேரம், ஏற்றுவதற்கு இரண்டு. ஒரு பக்கத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை போதும்.

இதில் உடல் பல வழிகளில் ஏமாற்றப் பார்க்கும். ஊன்றிய முழங்காலை மடக்கி நிமிர்த்தினால் இடுப்பு ஏறி இறங்குவதுபோல் தெரியும், தசைக்கு வேலை இருக்காது. தோளை ஒரு பக்கம் சாய்த்து விலாவைச் சுருக்கினாலும் கால் மேலே வரும், அப்போது உழைப்பது முதுகின் பக்கத் தசை. எங்கே இறுக்கம் தெரிகிறது என்பதைக் கொண்டே சரியா தவறா என்று கண்டுபிடிக்கலாம். ஆண்களின் கால்சட்டையில் பக்கப் பை இருக்குமே, அதற்குச் சற்றுப் பின்னால், ஊன்றிய காலின் பக்கத்தில் ஆழமாக ஒரு சோர்வு தெரிந்தால் சரி. தொங்கும் காலின் பக்கத்தில், கீழ்முதுகில் இறுக்கம் தெரிந்தால் வேறு தசை வேலையைப் பிடுங்கிக்கொண்டது என்று பொருள், உயரத்தைக் குறைத்து மறுபடி தொடங்க வேண்டும். நான் ஊன்றிய பக்கத்துப் பிட்டத்தின் மேல்பகுதியில் நான்கு விரல்களைப் பதித்துக்கொண்டு செய்கிறேன். ஏற்றும்போது அந்த இடம் விரலுக்கடியில் கெட்டியாக வேண்டும், இறக்கும்போது ஒரேயடியாகத் தொய்யாமல் மெதுவாக இளக வேண்டும். இறக்கும் பாதியில்தான் தசை அதிகம் கற்றுக்கொள்கிறது என்பது அவர் அடிக்கடி சொல்வது.

இடுப்பை இறக்கிச் செய்யும் இந்தப் பயிற்சி எல்லோருக்கும் ஏற்றதல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பக்கவாட்டில் படுத்தால் இடுப்பின் வெளிமேட்டில் வலி எடுத்துத் தூக்கம் கெடுகிறவர்களுக்கு, அந்த இடத்தில் தசைநாண் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். இடுப்பைச் சரியவிடும்போது அந்த நாண் எலும்போடு அழுந்தும் என்பதால், அவர்கள் மட்டத்தில் நிற்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அவர்கள் வகுப்பிலோ கடையிலோ இடுப்பில் தொங்கி நிற்பதையும், கால்மேல் கால் போட்டு உட்காருவதையும் குறைத்தாலே பாதி வலி குறையும் என்றார். கால் மரத்துப்போதல், பாதத்தில் வலு குறைதல், சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போதல் ஆகியவை முதுகு வலியோடு வந்தால் பயிற்சியைப் பற்றி யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலைச்சுற்றல் உள்ளவர்களும், எலும்புத் தேய்மானம் என்று சொல்லப்பட்டவர்களும் தனியாக இதைத் தொடங்கலாகாது.

சமநிலைக்குக் கண், உட்காது, பாதத்திலும் மூட்டுகளிலும் இருந்து வரும் உணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்து உழைக்கின்றன. கண்ணை மூடினால் மூன்றில் ஒன்று கழன்றுவிடுகிறது, தரையில் உறுதியாக நிற்பவரும் அப்போது ஆடத் தொடங்குவார். கண்ணை மூடி நிற்பது உயர்ந்த நிலை என்று நினைத்து முதியவர்கள் அதை முயல வேண்டாம். அதற்குப் பதிலாகத் தலையை மெல்ல இடமும் வலமும் திருப்பிப் பார்ப்பதே போதிய கடினமாக இருக்கிறது. எங்கள் தெருவில் இருக்கும் எழுபதைக் கடந்த பெரியம்மா ஒருவருக்கு, சமையல் மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பதிலிருந்து தொடங்கிக்கொடுத்தேன். இப்போது ஒரு கையின் இரண்டு விரல்கள் மட்டும் மேடையைத் தொட்டிருக்கின்றன, அதற்குமேல் குறைக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

முதியவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. ஜப்பானில் எலும்பு மருத்துவர் சகாமோட்டோ, ஒவ்வொரு காலிலும் ஒரு நிமிடம், நாளுக்கு மூன்று வேளை நிற்கும் முறையைப் பரப்பினார். அவர் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இதைச் செய்த முதியவர்கள் கீழே விழுவது குறைந்திருந்தது. பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரைச் சராசரியாக ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், 10 விநாடி ஒற்றைக் காலில் நிற்க முடியாதவர்களிடையே மரணம் நேரும் வாய்ப்பு 84 விழுக்காடு அதிகமாக இருந்தது. நிற்கப் பழகினால் ஆயுள் கூடும் என்று அதற்குப் பொருளில்லை. உடலின் மொத்த நலத்தை நிற்கும் திறன் காட்டிக்கொடுக்கிறது என்பதே அதன் பொருள்.

ஒற்றைக் காலில் நிற்பதன் சிரமத்தை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தார்கள். எங்கள் மாவட்டத்துச் சிதம்பரத்தில் நடராசர் வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கி ஆடுகிறார், ஊன்றிய முழங்கால் பூட்டப்படாமல் மடிந்து நிற்கும். மதுரை வெள்ளியம்பலத்தில் மட்டும் கால் மாறியிருக்கிறது. ஆடற்கலையைத் தானே பயின்று அதன் களைப்பை உணர்ந்த இராசசேகர பாண்டியன், ஊன்றிய காலுக்கு எவ்வளவு வலிக்கும் என்று இரங்கி, கால் மாறி ஆட வேண்டுமென்று இறைவனிடம் விண்ணப்பித்தான் என்பது திருவிளையாடல். எல்லோரும் எடுத்த பாதத்தைப் பார்த்து நிற்க, அவன் ஊன்றிய காலை நினைத்திருக்கிறான். இந்தப் பயிற்சியைக் கற்ற பிறகு அந்தக் கதையின்மேல் எனக்குத் தனிப் பிரியம் வந்துவிட்டது. சிறுமிகளின் பாண்டியாட்டமும் நொண்டியும் இதே தசைக்கான பயிற்சிதான். எங்கள் பள்ளியில் இடைவேளையில் கட்டம் போட்டு ஆடுகிற பிள்ளைகளை முன்பைவிட ஆவலோடு பார்க்கிறேன், மைதானத்துச் சிமெண்டுத் தரையில் கட்டம் வரைய உடைந்த சாக்பீஸ்களையும் கொடுக்கிறேன்.

வகுப்பறையில் நிற்கும் முறையை மாற்றியதும் பயிற்சியின் ஒரு பகுதியே. கரும்பலகைக்குக் கீழே ஒரு தாழ்வான மணைப்பலகை போட்டிருக்கிறேன். ஒரு பாதத்தை அதன்மேல் வைத்து, சற்று நேரம் கழித்து மற்றப் பாதத்துக்கு மாற்றுகிறேன். எழுதி முடித்து வகுப்பைப் பார்த்துத் திரும்பும்போது இரண்டு காலிலும் எடையைப் பகிர்ந்து நிற்கிறேன். தொடக்கத்தில் அதற்குத் தனிக் கவனம் வேண்டியிருந்தது. முதல் சில வாரங்களில் தெரியும் முன்னேற்றம் தசை வளர்ந்ததால் வருவதல்ல, நரம்பு அந்தத் தசையை மறுபடி கூப்பிடக் கற்றுக்கொண்டதால் வருவது, தசை உண்மையாக வலுப்பெற மாதக்கணக்கில் தொடர வேண்டும் என்று அவர் எச்சரித்திருந்தார். மதியத்து வலி இப்போது வாரத்தில் சில நாட்களில் மட்டும், அதுவும் மாலை நெருங்கும்போதுதான் வருகிறது. பேருந்தில் நின்று போவது இன்னும் எளிதாகவில்லை.

விடியற்காலையில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் நடக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அலைக்கரையை ஒட்டி மணல் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால், ஒரு கால் எப்போதும் மற்றதைவிடத் தாழ்வாக ஊன்றுகிறது, இடுப்பும் அதற்கேற்பச் சரிகிறது. போன வழியிலேயே திரும்பி வந்தால் இரண்டு பக்கமும் சமமாகும். போகும்போது அலையோரமாக நடந்துவிட்டு, வரும்போது சாலையில் வருவது இடுப்புக்கு நல்லதல்ல. ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சிக்கு மணல் ஏற்ற இடம்தான், ஆனால் தரையில் கோடு சரியாமல் நிற்க வந்த பிறகே அங்கே போக வேண்டும், அதுவும் ஈரம் கெட்டித்த மணலில் முதலில்.

இப்போது கற்றுக்கொண்டிருப்பது குனியும் பயிற்சி. ஊன்றிய முழங்காலை லேசாக மடக்கி, முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டிலேயே மடங்கி முன்னால் சாய, மற்ற கால் அதே அளவுக்குப் பின்னால் உயர்ந்து உடலைச் சமன்படுத்தும். கீழே விழுந்த சாக்பீஸை எடுக்க முதுகை வளைத்துக் குனிவதற்கு மாற்றாக உடலுக்கு ஒரு வழியைக் கொடுப்பதே இதன் நோக்கம். இங்கேயும் சோதனை இடுப்பில்தான் இருக்கிறது. பின்னால் உயரும் காலோடு சேர்ந்து அந்தப் பக்க இடுப்பு வெளியே திறந்துகொள்ளப் பார்க்கும், இரண்டு எலும்பு முனைகளும் தரையையே பார்த்திருக்க வேண்டும். மேசை விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் நாற்காலி இருக்கையைத் தொடும் அளவுக்கு மட்டும் இப்போது சாய்கிறேன். இடது காலில் ஊன்றும்போது அது சரியாக வருகிறது, வலது காலில் இடுப்பு இன்னும் திறந்துகொள்கிறது. இரண்டும் ஒன்றுபோல் வந்த பிறகு நாற்காலியை எடுத்துவிட்டு முக்காலி போடலாம் என்று சொல்லியிருக்கிறார்.